ஓக்யோவின் நாய்க்குட்டிகளும் ஹோகுசாயின் புலியும்

நிலா வெளிச்சம். தோட்டம் முழுக்கப் பனி. சிறுமிகள் சிலர் ஒரு பனி உருண்டையைச் சுற்றி நிற்கிறார்கள். உருட்டி உருட்டி அதைப் பெரிசாக்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் பெரிசாக்கலாம் என்று பேராசைப்பட்டதில் இப்போது அது இம்மியும் நகரவில்லை. எல்லோரும் சேர்ந்து தள்ளிப் பார்க்கிறார்கள். ஒருத்தியின் விசிறி எங்கோ விழுந்துவிட்டது, அவளுக்கு அது தெரியவுமில்லை. பின்னால், கூரையை எடுத்துவிட்டு உள்ளே காட்டிய மாதிரி வரையப்பட்ட வீட்டில், ஒரு பெரிய மனிதரும் அவர் மனைவியும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண்மணி எழுதிய ‘கென்ஜி கதை’யின் இருபதாவது அத்தியாயத்தில் வரும் காட்சி இது. டோசா வழி ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக இதை வரைந்தார்கள். சுருளில், சிறு ஏட்டில், மடிப்புத் திரையில் எல்லாம் இந்தப் பனி உருண்டை வரும். 1510-ல் டோசா மிட்சுனோபு முடித்த, அத்தியாயத்துக்கு ஒரு படமாக 54 படங்களும் முழுசாகக் கிடைத்த ஏடு இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கதையைப் படித்தவர்களுக்கு இந்த விளையாட்டுக்குப் பின்னால் ஓடும் சங்கடம் தெரியும். வேடிக்கை பார்க்கும் அந்தக் கதாநாயகன் கென்ஜி அந்தச் சமயத்தில் இன்னொரு இளவரசியின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறான். மனைவிக்கு அது தெரியும், மனசு ஆறவில்லை. அவளைச் சமாதானப்படுத்தத்தான் இந்த ஏற்பாடே: திரையைச் சுருட்டு, நிலவைப் பார், பூக்கும் வசந்தத்தைவிட இந்தக் குளிர்கால நிலவுதான் அழகு, பிள்ளைகளை இறக்கிவிட்டுப் பனி உருட்டச் சொல்வோம். சமாதானம் செய்ய உட்கார்ந்தவன் அதோடு நிறுத்தினானா என்றால் இல்லை. தான் பழகிய பெண்களைப் பற்றியெல்லாம் ஒவ்வொருவராக அவளிடமே பேச ஆரம்பித்துவிடுகிறான். குளத்தில் ஜோடி வாத்துகள் சத்தமிடுகின்றன. நம் இலக்கியத்தில் அன்றில் எப்படியோ அப்படி அங்கே அந்த மாண்டரின் வாத்து. பிரியாத ஜோடி. பல ஓவியர்கள் அந்த வாத்துகளையும் மறக்காமல் குளத்தில் மிதக்கவிட்டிருப்பார்கள். யார் யாரைக் குத்திக்காட்டுகிறார்கள் என்பது பார்ப்பவர் பாடு.

டோக்கியோவில் வேலை பார்த்த வருடங்களில் குளிர்கால வார இறுதிகளில் எனக்குப் போக்கிடம் என்றால் உயெனோ பூங்காவில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம்தான். உள்ளே சூடாக இருக்கும், அது ஒரு காரணம். ஓவியத்தைப் பற்றி முறையாகப் படித்தவனில்லை நான். ஆனால் ஜப்பானியக் குளிர்காலப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை குளிரில், இத்தனை பனியில், படத்தில் இருப்பவர்கள் ஏன் இவ்வளவு குஷியாக இருக்கிறார்கள்? மனிதர்கள் மட்டுமா? நாய்க்குட்டி, குரங்கு, வாத்து, கடைசியில் புலிகூட.

முதலில் இந்தச் சுருள்களைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு வகை உண்டு. தரையிலோ மேசையிலோ வைத்து வலமிருந்து இடமாகக் கை அகலத்துக்குக் கை அகலம் விரித்துப் பார்க்கும் நீளச்சுருள் ஒன்று. சுவரில் மேலிருந்து தொங்கவிடும் தொங்குசுருள் இன்னொன்று. இந்தத் தொங்குசுருள் எப்போதும் சுவரில் இருக்காது. வரவேற்பறையின் ஓரத்தில் தோகோனோமா என்று ஒரு மாடம் இருக்கும். பருவத்துக்கு ஏற்ற படத்தை அதில் மாட்டுவார்கள், பருவம் போனதும் சுருட்டி மரப்பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஆக, வருடத்தில் சில வாரங்களே வெளிச்சம் பார்க்கும் படங்கள் இவை. குளிர்காலப் படம் என்றால் வீட்டுக்கு வந்த விருந்தாளி வெளியே பனியைப் பார்த்துவிட்டு, உள்ளே கரி அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடியும் பனியைப் பார்ப்பார். இரண்டாவது பனி அவரைக் கொஞ்சம் சிரிக்க வைக்க வேண்டாமா?

விளையாட்டு என்றால் ஷோனாகோனின் பந்தயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. கென்ஜி கதைக்குக் கொஞ்சம் முந்தியது, இது நிஜமாகவே நடந்தது. பேரரசி தெய்ஷியின் தோழியாக இருந்த செய் ஷோனாகோன் தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். ஆண்டின் கடைசி மாதத்தில் பெரும்பனி விழுந்தது. தோட்டத்தில் பனியால் ஒரு மலை கட்டினார்கள். இது எத்தனை நாள் தாங்கும் என்று பேரரசி கேட்க, பத்து நாள், பதினைந்து நாள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஷோனாகோன் மட்டும் புத்தாண்டின் முதல் மாதம் பதினைந்தாம் தேதிவரை இருக்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். வாயை விட்டாயிற்று, அப்புறம் தூக்கம் ஏது? ‘வெள்ளை மலை’ எனப்படும் ஹகுசானின் கன்னோன் தெய்வத்தை ‘உருகாமல் பார்த்துக்கொள் தாயே’ என்று வேண்டிக்கொள்கிறார். புத்தாண்டு அன்று மேலே புதுப்பனி விழுந்தபோது சந்தோஷப்பட்டார்; பேரரசியோ, புதுப்பனி கணக்கில் சேராது, அதை அள்ளிக் கொட்டுங்கள் என்றுவிட்டார். ஷோனாகோன் அரண்மனையை விட்டு வெளியே போக வேண்டி வந்தபோது தோட்டம் காக்கும் ஆளுக்குத் தின்பண்டம் கொடுத்துக் காவல் போட்டார். பதினாலாம் தேதி உட்காரும் வட்டப் பாய் அளவுக்குப் பனி மிச்சம் இருந்தது. பதினைந்து விடிந்தால் வெற்றி. காலையில் பெட்டியோடு ஆளை அனுப்பினால் அவன் வெறும் பெட்டியோடு திரும்பி வருகிறான். ராத்திரியோடு ராத்திரியாக ஆள் விட்டு மிச்சப் பனியை அள்ளி எறியச் சொன்னது யார் தெரியுமா? பேரரசியேதான். பின்னாளில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார்.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்தப் பந்தயத்தில் இருக்கிறது. பனி எத்தனை நாள் நிற்கும் என்று பந்தயம் கட்ட முடிகிற ஊரில்தான் இந்தப் படங்கள் பிறந்தன. கியோத்தோவிலும் எதோவிலும் (இன்றைய டோக்கியோதான் எதோ) பனி வரும், ஆனால் தங்காது. அந்தக் காலத்தில் இப்போதைவிடக் குளிர் கூடுதல் என்பது உண்மை. இருந்தாலும் இரண்டு மூன்று நாளில் சேறாகிவிடும் பனிதான் அது. சிறுமிகள் ராத்திரி என்றும் பாராமல் உருட்டுவதற்குக் காரணம் அந்த அவசரம். நாளை மத்தியானம் உருட்டலாம் என்று தள்ளிப்போட்டால் உருட்ட ஒன்றும் இருக்காது.

சரி, இந்தப் பனியை எப்படி வரைவது? தாளும் வெள்ளை, பனியும் வெள்ளை. இரண்டு வழிகள் உண்டு, இரண்டுக்கும் கியோத்தோவின் பதினெட்டாம் நூற்றாண்டில் உச்சகட்ட ஆட்கள் இருந்தார்கள்.

ஒருவர் மருயாமா ஓக்யோ (1733–1795). உழவர் வீட்டுப் பிள்ளை. கியோத்தோவுக்கு வந்து பொம்மைக் கடையில் வேலை பார்த்தவர். அங்கே ஆடி வழியாகப் பார்த்தால் ஆழம் தெரியும் மேற்கத்திய பாணிப் படங்களை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ‘பனிமூடிய பைன் மரங்கள்’ என்ற ஒரு ஜோடி மடிப்புத் திரை தேசியப் பொக்கிஷம், டோக்கியோவின் மிட்சுயி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பனி என்று பார்ப்பது எல்லாமே வெறும் தாள். ஊசியிலைகளைக் கறுப்பு மையால் ஒவ்வொன்றாக இழுத்து, பனி கனத்து உட்கார வேண்டிய இடத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். பின்னணியில் பொன்துகள். கிட்டப் போனால் அங்கே பனி இல்லை, தாள்தான் இருக்கிறது. நாலடி பின்னால் வந்தால் கிளை பாரத்தில் வளைகிறது. முன்னும் பின்னும் நடந்து நடந்து பார்த்ததில் காவலர் என்னையே கவனிக்க ஆரம்பித்துவிட்டார்.

இதே ஓக்யோவின் இன்னொரு படம் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடைந்த பனிக்கட்டி. தேநீர்ச் சடங்கில் பாத்திரங்களுக்குப் பின்னால் வைக்கும் குட்டையான, இரண்டே மடிப்புள்ள திரை. காக்காப்பொன் மினுங்கும் தாளில் நேர்க்கோடுகளாய்ச் சில மைக்கீறல்கள், அவ்வளவுதான். உறைந்த குளம் விரிசல் விட்டு நம்மை விட்டு விலகி ஓடுகிறது. பொம்மைக் கடை கற்றுக்கொடுத்த ஆழம் இங்கே கைகொடுத்திருக்கிறது. இதை வைத்தது குளிர்காலத்தில் இல்லை, கோடையில்! கியோத்தோவின் கோடை நம் ஊர்க் கோடைக்குச் சளைத்ததல்ல. வியர்த்து வழிய உட்கார்ந்து சூடான தேநீர் குடிப்பவருக்கு முன்னால் பனிக்கட்டியை வைப்பது, விருந்தோம்பல் பாதி, குறும்பு பாதி.

இன்னொரு வழி இட்டோ ஜாகுச்சு என்பவருடையது (1716–1800). நிஷிகி சந்தையில் காய்கறி மொத்த வியாபாரியின் மூத்த மகன். நாற்பது வயதில் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வரைய உட்கார்ந்துவிட்டார். அவர் பனிக்குத் தாளை நம்பவில்லை. சிப்பி ஓட்டை அரைத்து, மாவாக்கி, பசையில் குழைத்த வெள்ளை நிறத்தைப் பட்டுத்துணியின் முன்பக்கம் மட்டுமல்லாமல் பின்பக்கமும் பூசினார். பட்டின் இழைகளுக்கு இடையில் பின்பக்க வெள்ளை தெரிவதால் அந்தப் பனிக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. பிசுபிசுவென்று, கிளையில் தொங்கி, ஓட்டை ஓட்டையாய் வழியும் பனி. அதற்கு மேல் விழுந்துகொண்டிருக்கும் பனித்துளிகளைத் தெளித்தும் விட்டிருக்கிறார்.

அவருடைய முப்பது தொங்குசுருள்கள் கொண்ட வரிசையில் 1759-ல் வரைந்த ஒன்றில் பனியும் மாண்டரின் வாத்துகளும் வருகின்றன. கென்ஜியின் குளத்தில் சத்தமிட்ட அதே ஜோடிதான். ஆண் வாத்து கரையில் முழு அலங்காரத்தோடு, சபைக்கு வந்தவர் மாதிரி விறைப்பாக நிற்கிறது. பெண் வாத்தைத் தேட வேண்டியிருக்கும். அது தலையைத் தண்ணீருக்குள் விட்டு, பின்பக்கத்தை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு இரை தேடுகிறது! கல்யாண வாழ்த்தில் வரும் தெய்வீக ஜோடியை இப்படி ஒருவர் வரைகிறார் என்றால், காய்கறிச் சந்தையில் நாலு விதமான தம்பதிகளைப் பார்த்தவராகத்தான் இருக்க முடியும். இந்த வரிசையை ஜாகுச்சு ஷோகோகுஜி கோயிலுக்குக் கொடுத்தார். 1889-ல் கோயில் கஷ்டத்தில் இருந்தபோது அதை அரச குடும்பத்துக்கு அளித்து, பதிலுக்குப் பத்தாயிரம் யென் பெற்றுக்கொண்டது. 2021-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தார்கள். அந்தப் பெண் வாத்தும் சேர்ந்துதான்.

ஓக்யோவிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் நாய்க்குட்டிகளைப் பற்றி இன்னும் பேசவில்லை. பைன் மரத்தை அவ்வளவு கம்பீரமாக வரைந்த மனிதர், வாழ்நாள் முழுக்க நாய்க்குட்டிகளையும் வரைந்து தள்ளியிருக்கிறார். பனியில் நாய்க்குட்டிகள் என்பது அவரிடம் கேட்டு வாங்கும் சரக்காகவே இருந்திருக்க வேண்டும். பழுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, சில சமயம் மூன்றாவதும் இருக்கும். கொழுக்கட்டையைப் பிடித்து வைத்த மாதிரி உருண்டை உடம்பு, தூக்க முடியாத தலை, குட்டையான கால். ஒன்றன் மேல் ஒன்று ஏறும், ஒன்று வாலைக் காட்டிக்கொண்டு திரும்பி உட்காரும். வெள்ளைக் குட்டியைப் பனியில் வைத்தால் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். மெல்லிய ஒரே கோடு, உள்ளே மயிரின் மங்கல், சுற்றிலும் வானத்தின் சாம்பல் நிறக் கழுவல். பைன் மரத்தில் காட்டிய வித்தையேதான், இங்கே பனிக்குப் பதில் ஒரு குட்டி.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் ஓக்யோவின் பெயரிலேயே ஒரு தேநீர் வீடு இருக்கிறது. அதன் மரக்கதவில், 1784-ல் வரைந்தது, அதே குட்டிகள் கோடைக்காலப் பூங்கொடி ஒன்றை, அதாவது காலையில் பூக்கும் அந்தப் புனல்பூக் கொடியை, இழுத்து விளையாடுகின்றன. குளிர், கோடை என்று அவற்றுக்குக் கணக்கில்லை. எனக்கென்னவோ பனியில் இருக்கும் குட்டிகள்தான் பிடிக்கும். பனியை முதல்முறை பார்க்கும் உயிருக்கு இது சில்லிடுகிறதே என்பது தெரிவதற்கு முன்னால் ஒரு கணம் இருக்குமே, அந்த முகம் அவற்றுக்கு.

ஓக்யோவின் சீடர் நாகாசாவா ரோசெட்சு (1754–1799) குருவின் குட்டிகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் நல்ல பழக்கங்களையெல்லாம் கெடுத்துவிட்டார். ரோசெட்சுவின் குட்டிகள் மந்தமானவை, சோம்பேறிகள், காலைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்து எங்கோ பார்ப்பவை. ஒரு ஜோடித் திரையில், ஒரு பக்கம் திரையையே பிதுக்கிக்கொண்டு வெளியேறும் வெள்ளை யானை, மறுபக்கம் மலை போலக் கறுப்புக் காளை. காளையின் வயிற்றோரம் உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளைக் குட்டி, பக்கத்தில் காளை இருப்பதைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

ரோசெட்சுவைப் பற்றி ஒரு குளிர்காலக் கதை உண்டு. ஏழைச் சீடன், தினமும் தூரத்திலிருந்து ஓக்யோ வீட்டுக்கு நடந்து வருவான். ஒரு நாள் காலையில் ஓடைத் தண்ணீர் உறைந்து, அதற்குள் ஒரு மீன் சிக்கிக் கிடப்பதைப் பார்த்தான். மாலையில் திரும்பும்போது பனிக்கட்டி உருகி, மீன் ஜாலியாக நீந்திக்கொண்டிருந்தது. குருவிடம் சொன்னபோது, பயிற்சி என்பதும் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக உருகி ஒருநாள் நீயும் விடுபடுவாய் என்றாராம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, முத்திரை உண்மை. ரோசெட்சு தன் படங்களில் குத்திய பெரிய முத்திரையில் பனிக்கட்டி வடிவச் சட்டத்துக்குள் ‘மீன்’ என்ற எழுத்து இருக்கும். அவர் பிற்காலப் படங்களில் அந்தச் சட்டத்தின் வலது மேல் மூலை உடைந்திருக்கிறது. வேண்டுமென்றே உடைத்தாரா, தானாக உடைந்ததா என்று இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். வேண்டுமென்றே உடைத்திருந்தால், அதைவிட அழகாக ஒரு சீடன் குருவிடம் விடைபெற முடியாது.

இவ்வளவு தூரம் பனியைக் கொஞ்சிவிட்டு, சுசுகி போகுஷியைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். எச்சிகோ என்ற, ஜப்பான் கடலை ஒட்டிய பகுதி (இன்றைய நீகாத்தா) உலகத்திலேயே அதிகப் பனி கொட்டும் இடங்களில் ஒன்று. அங்கே ஷியோசாவா என்ற ஊரில் துணி வியாபாரியாக இருந்தவர் போகுஷி (1770–1842). தன் ஊர்ப் பனியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதை அச்சேற்ற எதோவின் பெரிய எழுத்தாளர்களைத் தேடிப் போய், பல பத்தாண்டுகள் இழுத்தடித்து, கடைசியில் 1837-ல் வெளியிட்டார். தொடக்கத்திலேயே போட்டுத் தாக்குகிறார். வெதுவெதுப்பான ஊர்க்காரர்களுக்கு ஓரடிப் பனி விழுந்தால் கொண்டாட்டம், படகில் போய்ப் பனி பார்ப்பார்கள், கவிதை, படம், மது. எங்களுக்கு ஆண்டுதோறும் அது ஆள் உயரத்தைத் தாண்டிக் குவிகிறது, இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்கிறார். அங்கே பனியை யாரும் பெருக்குவதில்லை, மண்ணைப் போலத் தோண்டுகிறார்கள். வீடு புதைந்துபோனால் பகலிலும் விளக்கு வேண்டும். பிறந்த வீட்டுக்குப் பிள்ளையைக் காட்டக் கிளம்பிய இளம் தம்பதி பனிப்புயலில் சிக்கி இறந்து கிடக்க, தாயின் மார்புக்குள் குழந்தை மட்டும் உயிரோடு அழுதுகொண்டிருந்ததையும் எழுதியிருக்கிறார்.

ஓக்யோவின் குட்டிகளைப் பார்த்துச் சிரித்த வாயோடு இதைப் படித்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பனி வாரத் தேவையில்லாதவர்களின் வீட்டுச் சுவருக்கு வரைந்த படங்கள்தானே இவை? ஆமாம். ஆனால் போகுஷியே இன்னொன்றும் சொல்கிறார். வசந்தம் வந்தும் பனி போகாத அவர் ஊரில் கூத்து நடத்த ஆசைப்பட்டால் மேடையையும் நடிகர்கள் வரும் பாதையையும் பார்வையாளர் உட்காரும் இடத்தையும் பனியாலேயே கட்டிவிடுவார்களாம். அவர்கள் நெய்யும் துணியைப் பனி மேல் விரித்துத்தான் வெளுப்பார்கள். தோண்டித் தோண்டி இடுப்பொடிந்தவர்களும் பனியை வைத்து மேடை போட்டிருக்கிறார்கள். அதை யாரும் பட்டில் வரைந்து மாடத்தில் தொங்கவிடவில்லை, அவ்வளவே.

பனி மனிதனைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஜப்பானில் பிள்ளைகள் பனியில் செய்யும் பொம்மை தருமா. அதாவது போதிதர்மர். தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன், சீனாவுக்குப் போய் ஜென் மரபைத் தொடங்கியவர் என்று பழைய சீனக் குறிப்புகள் சொல்ல, காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அவர்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து உட்கார்ந்து கைகால் இற்றுப்போனதாகக் கதை. அதனால் கை, கால் இல்லாத உருண்டைப் பொம்மையாகிவிட்டார். எதோ காலத்துப் பனி தருமாக்கள் இன்றைய இரட்டை உருண்டை மாதிரி இல்லை, உட்கார்ந்திருக்கும் துறவி மாதிரியே செய்தார்கள். கண்ணுக்குக் கரித்துண்டு.

இதே போதிதர்மருக்குப் பனியோடு இருக்கும் பழைய உறவு பயங்கரமானது. சீடனாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஹுய்கே என்பவர் பனியில் முழங்கால் புதைய ராத்திரி முழுக்க நின்றார், அசையாத குருவை அசைக்கத் தன் கையையே வெட்டிக் கொடுத்தார் என்பது ஜென் கதை. செஷ்ஷு என்ற துறவி ஓவியர் 1496-ல், தன் 77-வது வயதில், இதை ஆளுயரத் தொங்குசுருளாக வரைந்திருக்கிறார். அதில் பனியே கிடையாது. குகை, சுவரைப் பார்த்தபடி குரு, வெட்டிய கையை நீட்டிக்கொண்டு சீடர், மணிக்கட்டில் மயிரிழையாய் ஒரு சிவப்பு. அந்தக் குருவைத்தான் பின்னாளில் எதோவின் பொடியன்கள் தெருவில் பனியால் பிடித்து வைத்து, கரியால் கண் வைத்தார்கள். கோபித்துக்கொண்டிருப்பார் என்று தோன்றவில்லை. ஜென் துறவிகளே அவரை இஷ்டத்துக்குக் கேலிச்சித்திரமாக வரைந்தவர்கள்தானே!

ஓவியர் புசோனின் (1716–1784) ராத்திரிப் பனியைப் பார்க்காமல் போனால் குறை. உயரம் 28 செ.மீ., அகலம் 130 செ.மீ. அளவில் ஒரு நீட்டுப் படம். கறுத்த வானம், வெள்ளைக் கூரைகள் அடுக்கடுக்காய், அங்கங்கே ஜன்னலில் லேசான செம்மண் நிறம். விளையாடுகிற ஆள் யாரும் இல்லை. ஆனால் அந்தச் செம்மண் நிற ஜன்னல்களுக்குள் குடியும் பாட்டும் நடந்துகொண்டிருக்கிறது என்பது என் கட்சி. 2009-ல்தான் இதைத் தேசியப் பொக்கிஷமாக்கினார்கள்.

கடைசியாகப் புலி. 1849-ன் முதல் மாதம். பழைய நாட்காட்டியில் அது புலி மாதம். ஜப்பானியக் கணக்கில் ஹோகுசாய்க்கு அப்போது வயது தொண்ணூறு. பட்டில் ஒரு புலியை வரைந்தார். கையெழுத்தில் ‘தொண்ணூறு வயதுக் கிழவன் மஞ்ஜி’. குத்திய முத்திரையில் ‘நூறு’ என்ற எழுத்து. நூறு வயதைத் தாண்டினால்தான் தன் கோடுகளுக்கு உயிர் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நான்காம் மாதத்தில் இறந்துவிட்டார்.

புலி என்றால் ஜப்பானில் அநேகமாக யாரும் உயிரோடு பார்த்ததில்லை. சீனப் படங்களையும், கப்பலில் வந்த தோலையும், வீட்டுப் பூனையையும் வைத்து ஒப்பேற்றினார்கள். ஓக்யோவின் புலி, ரோசெட்சுவின் புலி இரண்டிலும் பூனை எட்டிப் பார்க்கும். ஹோகுசாயின் இந்தப் புலிக்கு எலும்பே இல்லையோ என்று தோன்றும்படி உடம்பு நெளிகிறது, வரிகள் தனியாக ஓடுகின்றன. சுற்றிலும் பனி விழுகிறது, பனி சுமந்த மூங்கில் இலைகள் அதன் நகங்களைப் போலவே கூராக வளைந்திருக்கின்றன. கீழே தரை இல்லை. புலி ஓடுகிறதா, மிதக்கிறதா, நீந்துகிறதா என்று சொல்ல முடியாது. முகம் மேலே திரும்பியிருக்கிறது, அதில் ஒரு சிரிப்பு.

2017-ல் லண்டனில் நடந்த பெரிய ஹோகுசாய் கண்காட்சியில் இதையும் வைத்திருந்தார்கள். நான் பார்த்தது அச்சில்தான். இந்தப் படத்தைப் பற்றி எழுதும் பலரும், சாவுக்கு மூன்று மாதம் முந்தியது என்பதை வைத்து, இது விண்ணுலகம் போகும் கிழவனின் ஆன்மா என்று முடித்துவிடுகிறார்கள். என்னோடு டோக்கியோவில் வேலை பார்த்த ஒரு நண்பரும் அந்தக் கட்சிதான். எனக்கு அது ஒட்டவில்லை. செத்துப்போகத் தயாரான ஆள் நூறு என்று முத்திரை செய்து வைத்துக்கொள்வானா? அது இன்னும் பத்து வருட வேலைக்குப் போட்ட திட்டம். புலியின் சிரிப்பை ஓக்யோவின் வெள்ளைக் குட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று நண்பரிடம் சொன்னேன். பார்த்துவிட்டு, புலியையும் நாயையும் ஒன்றாக வைக்கிறாயே என்று ஒரு மாதம் கேலி செய்தார்.